கூலியும் குரலும்

சோறிட்டவனுக்கு எதிராக வாய் திறக்கக் கூடாது என்பது நமக்குப் பழகிப்போன தர்மம். கர்ணனை நாம் நேசிப்பதற்குக் காரணமே அதுதான். துரியோதனன் பக்கம் நியாயம் இல்லை என்று தெரிந்தும் அவனுக்காக நின்று மாண்டான். செஞ்சோற்றுக் கடன் தீர்த்தான் என்று இன்றைக்கும் கண் கலங்குகிறோம். ஆனால் கர்ணன் வில்லாளி. அவன் எழுத்தாளனாக இருந்து, உண்ட சோற்றுக்காக ஒரு பொய்யை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தால் அவனுக்காக யாரும் கண் கலங்க மாட்டார்கள். எழுதுகிறவனுக்குச் சோறு போடுகிறவன் ஒருவன் இருக்கிறான். அவனை நம்பிப் படிக்கிறவர்களோ வேறு பலர். கடன் யாருக்கு என்கிற கேள்வி அங்கே சிக்கலாகிவிடுகிறது.

இந்தச் சிக்கல் உலக அளவில் வெட்டவெளிச்சமான ஒரு காலம் உண்டு. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து அமெரிக்காவும் ருஷ்யாவும் உலகத்தின் மனசைப் பங்கு போட்டுக்கொள்ள முனைந்த காலம் அது. ராணுவ உதவியும் கோதுமைக் கப்பலும் போதாது, புத்தகமும் பாட்டும் சித்திரமும் கூட அனுப்ப வேண்டும் என்று அமெரிக்க சர்க்கார் தீர்மானித்தது. ருஷ்யாவும் தன் பங்குக்கு மலிவு விலையில் புத்தகங்களை அனுப்பியது. நம் ஊர்ப் பழைய புத்தகக் கடைகளில் இரண்டு தேசத்துப் புத்தகங்களும் ஒரே கட்டில் சணல் கயிற்றால் கட்டப்பட்டு எத்தனையோ வருஷம் கிடந்தன. போட்ட சண்டையை மறந்து, தூசியை மட்டும் பகிர்ந்துகொண்டு கிடந்தன என்று சொல்லலாம்.

ருஷ்யப் புத்தகத்தில் ஒரு சௌகரியம் இருந்தது. யார் காசில் அச்சானது என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். அமெரிக்கக் காசு எல்லா இடத்திலும் அப்படி முகம் காட்டவில்லை.

1950ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் மேற்கு பெர்லினில் எழுத்தாளர்களும் அறிஞர்களும் கூடி ஒரு ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். கலாசார சுதந்திரக் காங்கிரஸ் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். பாரிஸில் தலைமை அலுவலகம் அமைந்தது. பல தேசங்களில் அது பத்திரிகைகள் நடத்தியது. லண்டனில் 1953இல் தொடங்கிய 'என்கவுண்டர்' அவற்றில் பிரபலமானது. கவிஞர் ஸ்டீபன் ஸ்பெண்டரும் அமெரிக்கரான இர்விங் கிரிஸ்டலும் அதன் முதல் ஆசிரியர்கள். 1955இல் பம்பாயிலிருந்து வெளிவரத் தொடங்கிய 'குவெஸ்ட்' பத்திரிகையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கவிஞர் நிஸிம் எஸகியல் அதன் முதல் ஆசிரியர்.

இவற்றுக்குப் பணம் தர்ம ஸ்தாபனங்களிடமிருந்து வருகிறது என்று சொல்லப்பட்டது. 1966இல் நியூயார்க் டைம்ஸும் 1967இல் வேறு பத்திரிகைகளும் உண்மையை வெளியிட்டன. பணத்தின் மூலம் அமெரிக்க ஒற்று ஸ்தாபனமான ஸி.ஐ.ஏ. காங்கிரஸின் அன்றாட நிர்வாகத்தை நடத்திய மைக்கேல் ஜோஸல்ஸன் அந்த ஒற்று ஸ்தாபனத்தின் ஆள். தனக்கு இது தெரியாது என்று சொல்லி ஸ்பெண்டர் 1967இல் விலகினார். சுதந்திரத்தின் பெயரால் நடந்த பத்திரிகைக்கு ஒற்றர்கள் படியளந்திருக்கிறார்கள். கதையில் எழுதியிருந்தால் செயற்கையாக இருக்கிறது என்று நாமே குறை சொல்லியிருப்போம்.

அந்தப் பணத்தில் எழுதப்பட்டதையெல்லாம் என்ன செய்வது? இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டே வழிதான் சொல்கிறார்கள். எல்லாம் பிரசாரம், தூக்கி எறி என்பது ஒன்று. நல்ல எழுத்து நல்ல எழுத்துதான், பணம் எங்கிருந்து வந்தால் என்ன என்பது இன்னொன்று. இரண்டுமே சோம்பேறித்தனமான வழிகள் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டிலும் புத்தகத்தைத் திறந்து படிக்க வேண்டிய அவசியம் இல்லை. நான் கதை எழுதுகிறவன். சரித்திர ஆசிரியனுக்கு உள்ள சாதனங்கள் என்னிடம் இல்லை. ஆனால் ஒரு பக்கத்தைப் படித்தால் இது உள்ளிருந்து வந்ததா, வெளியிலிருந்து ஏற்றியதா என்று ஓரளவு சொல்ல முடியும். அந்தத் தைரியத்தில் இரண்டு எழுத்துக்களை எடுத்துக்கொள்கிறேன். இரண்டையும் எழுதியவர்கள் கறுப்பு அமெரிக்கர்கள்.

முதலாவது, ரிச்சர்ட் ரைட் எழுதிய 'தி கலர் கர்ட்டன்'. 1955 ஏப்ரலில் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரத்தில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் 29 கூடின. நேரு, சுகர்ணோ, சூ என் லாய், நாஸர் எல்லாரும் வந்திருந்தார்கள். வெள்ளைக்காரர் யாரும் அழைக்கப்படாத முதல் பெரிய உலக மகாநாடு என்று அதைச் சொல்லலாம். பாரிஸில் வசித்துவந்த ரைட் பத்திரிகையில் இந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் போயே தீர வேண்டும் என்று துடித்தார். மிஸிஸிப்பியில் 1908இல் பிறந்து, பசியையும் அவமானத்தையும் தின்று வளர்ந்து, 'நேட்டிவ் ஸன்', 'பிளாக் பாய்' என்ற இரண்டு பெரிய புத்தகங்களை எழுதியவர். கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்து, பிறகு மனம் கசந்து வெளியேறியவர். பாண்டுங் போகிற செலவை ஏற்றுக்கொண்டது கலாசார சுதந்திரக் காங்கிரஸ். அவர் எழுதியதில் சில பகுதிகள் 'என்கவுண்ட'ரிலும் அதன் சகோதரப் பத்திரிகைகளிலும் வந்தன. 1956இல் புத்தகமாயிற்று.

ரைட்டின் குரலை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று சொல்கிறவர்கள் அதைப் படிக்க வேண்டும். மகாநாட்டில் கம்யூனிஸ்டுகள் என்ன சூழ்ச்சி செய்கிறார்கள் என்பதுதான் பணம் கொடுத்தவர்களின் கவலையாக இருந்திருக்கும். ரைட்டுக்கு நிறம்தான் கவலை. அதற்கு அடுத்தபடி மதம். நானூறு வருஷ அவமானம் மனித மனசில் என்ன செய்திருக்கிறது என்பதையே ஒவ்வொருவரிடமும் கிளறிக் கிளறிக் கேட்கிறார்.

அதில் ஒரு காட்சி மறக்க முடியாதது. மகாநாட்டுக்கு வந்த ஒரு வெள்ளைக்கார அமெரிக்கப் பத்திரிகையாளப் பெண் ரைட்டிடம் தன் பயத்தைச் சொல்கிறாள். அவளோடு ஒரே அறையில் தங்கியிருப்பவள் ஒரு கறுப்புப் பெண். நடுராத்திரியில் கண் விழித்துப் பார்த்தால் அவள் இருட்டில் குனிந்து உட்கார்ந்து ஏதோ நீலச் சுடர் ஏற்றி வைத்திருக்கிறாள், வாடை வருகிறது. மாந்திரீகமோ என்று இவளுக்கு நடுக்கம். ரைட் விளக்குகிறார். அந்தப் பெண் தன் சுருட்டை மயிரைச் சூட்டுச் சீப்பால் நீவி நேராக்கிக்கொண்டிருக்கிறாள். உன் மயிர்போல ஆக வேண்டும் என்றுதான் அந்த ராத்திரிப் பாடு. பார்த்தவளுக்குப் பயம், செய்தவளுக்கு வெட்கம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். எந்த ஒற்று ஸ்தாபனமும் காசு கொடுத்து எழுதச் சொல்லியிருக்க முடியாத பக்கம் இது.

ஆனால் புத்தகம் முழுவதும் அப்படி இல்லை. ரைட் புறப்படுவதற்கு முன்பே ஒரு கேள்வித்தாள் தயாரித்து, ஐரோப்பாவில் இருந்த ஆசியர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டார். நிறத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், மேற்கத்தியர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேள்விகள். இந்தோனேசியாவில் இறங்குவதற்கு முன்பே இந்தோனேசியாவைத் தீர்மானித்துக்கொண்டு இறங்கினார் என்றே சொல்ல வேண்டும். அங்கே அவருக்கு உதவியாக இருந்த எழுத்தாளர் மொஹ்தார் லூபிஸ், ரைட் எல்லாவற்றையும் நிறக் கண்ணாடி வழியாகவே பார்த்துவிட்டார் என்று பின்னால் குறைப்பட்டார். ஜாவாக்காரனுக்கு நிறம் ஒரு பிரச்சினைதான்; ஆனால் அரிசி விலையும் நிலமும் பாஷையும் கூடப் பிரச்சினைகள். மிஸிஸிப்பிக் காயத்தோடு வந்தவர் கண்ணில் அவை சரியாகப் படவில்லை.

கடைசிப் பகுதியில் ரைட் மேற்கு நாடுகளைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிடுகிறார். இந்த ஏழை ஜனங்களை நீங்கள் கைதூக்கிவிடாவிட்டால் கம்யூனிஸ்டுகள் வந்து அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது அங்கே அவர் வாதம். அந்தப் பக்கங்களைப் படித்தபோது செலவை ஏற்றவர்கள் திருப்தியோடு தலையாட்டியிருப்பார்கள். ஆனால் அதைக் கூலிக்கு எழுதினார் என்று நான் சொல்ல மாட்டேன். பழைய கட்சியோடு அவருக்கு இருந்த சொந்தக் கசப்பு அது. காசு இல்லாமலும் அதைத்தான் எழுதியிருப்பார். சாமர்த்தியமான புரவலன் எழுத்தாளனின் கருத்தை மாற்றுவதில்லை. தனக்குச் சௌகரியமான கருத்தை ஏற்கெனவே உடையவனாகப் பார்த்து டிக்கெட் வாங்கிக் கொடுக்கிறான். ரைட் 1960இல் பாரிஸில் இறந்துபோனார். டிக்கெட் வாங்கியது யார் காசில் என்று உலகத்துக்குத் தெரிந்தபோது அவர் உயிரோடு இல்லை.

இரண்டாவது எழுத்து ஜேம்ஸ் பால்ட்வினுடையது. 1956 செப்டம்பரில், பாரிஸ் ஸோர்போன் சர்வகலாசாலை மண்டபத்தில் கறுப்பு எழுத்தாளர்கள், கலைஞர்களின் மகாநாடு கூடியது. 'பிரெஸான்ஸ் ஆப்ரிகேன்' என்ற பத்திரிகையை நடத்திய செனெகல்காரர் அலியூன் தியோப் கூட்டியது. எமே செஸேர், ஸெங்கோர், பானோன், ரைட் எல்லாரும் பேசினார்கள். அதைப் பற்றி 1957 ஜனவரி 'என்கவுண்ட'ரில் பால்ட்வின் ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது. ஹார்லெமில் பிறந்து, 1948இல் பாரிஸுக்கு வந்து, ஒரு நல்ல நாவலை வெளியிட்டிருந்தவர்.

மகாநாட்டின் முதல் நாளிலேயே அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி வாசிக்கப்பட்டது. அனுப்பியவர் வயோதிகரான டூ பாய்ஸ். அரை நூற்றாண்டுக் காலம் கறுப்பர் உரிமைக்காக எழுதியவர். சர்க்கார் தனக்குப் பாஸ்போர்ட் கொடுக்க மறுத்ததால் வர முடியவில்லை என்றும், இன்று வெளிநாட்டுக்கு வர அனுமதி கிடைத்த கறுப்பு அமெரிக்கர் நிறப் பிரச்சினையைப் பற்றி வாய் மூடியிருப்பார் அல்லது சர்க்கார் விரும்புவதைச் சொல்வார் என்றும் அவர் எழுதியிருந்தார். சபை ஆரவாரம் செய்தது. அங்கே உட்கார்ந்திருந்த ஐந்து அமெரிக்கப் பிரதிநிதிகளுக்கும் எப்படி இருந்திருக்கும்! இந்தச் செய்தியை பால்ட்வின் மறைக்கவில்லை. அமெரிக்கப் பிரதிநிதிகளுக்கு ஏற்பட்ட சங்கடத்தையும் மறைக்கவில்லை. டூ பாய்ஸின் குற்றச்சாட்டு, ஸி.ஐ.ஏ.யின் காசில் அச்சான பத்திரிகையிலேயே உலகமெல்லாம் போயிற்று. பால்ட்வினுக்குத் தெரியாமல் நடந்த வேடிக்கை இது.

ரைட்டின் புத்தகத்தைவிட இந்தக் கட்டுரை உயர்ந்தது என்பது என் கட்சி. பால்ட்வின் கேள்வித்தாளோடு போகவில்லை. காதைத் திறந்து வைத்துக்கொண்டு போனார். செஸேர் மிகப் பிரமாதமாகப் பேசி ஐரோப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார். சபை எழுந்து ஆர்ப்பரிக்கிறது. பால்ட்வினுக்கும் உள்ளம் அசைகிறது. அந்த அசைவு அவருக்கே பிடிக்கவில்லை. யோசித்துப் பார்க்கிறார். செஸேர் ஒன்றை விட்டுவிட்டார், அது செஸேரையேதான் என்கிறார். ஐரோப்பாவின் பாஷையிலேயே ஐரோப்பாவை இவ்வளவு அழகாகத் திட்டக்கூடிய ஒரு மனிதனை உண்டாக்கியதும் அந்தச் சரித்திரம்தானே என்பது அவர் எண்ணம். ரைட் எழுந்து, பழைய மூடநம்பிக்கைகளை இடித்துத் தள்ளியதற்காக ஐரோப்பாவுக்கு ஒருவகையில் நன்றி சொல்லலாம் என்கிற மாதிரி பேசியபோதும் பால்ட்வின் நெளிகிறார். இடித்தவனுக்கு நன்றி சொல்ல இடிபட்டவனின் அனுமதி வேண்டாமா? இது நமக்கும் அந்நியமான கேள்வி அல்ல. ஆங்கிலம் படித்ததற்கு நன்றி சொல்வதா, வெட்கப்படுவதா என்று இன்னும் தீராத வழக்கு நம் வீட்டிலும் இருக்கிறது.

பால்ட்வினின் கட்டுரை யாருக்கும் சாதகமாக முடியவில்லை. அமெரிக்க சர்க்கார் அதை எடுத்துத் தன் பெருமைக்குப் பயன்படுத்த முடியாது, எதிரிகளும் முடியாது. எழுத்தாளன் காசுக்குக் கட்டுப்படவில்லை என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி நான் கேட்க மாட்டேன். திட்டுவது மட்டுமே சுதந்திரத்தின் அடையாளம் என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். திட்டுவதையும் கூலிக்குச் செய்ய முடியும். கூலிக்குச் செய்ய முடியாதது தயக்கம். தன் மனசு இரண்டு பக்கமும் இழுபடுவதை ஒளிக்காமல் காட்டுவதற்கு எந்த சர்க்காரும் சம்பளம் கொடுக்காது.

எழுத்தை விட்டுச் சங்கீதத்துக்கு வந்தால் விஷயம் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. 1956 முதல் அமெரிக்க வெளிவிவகார இலாகா ஜாஸ் வித்வான்களை வெளிநாடுகளுக்கு அனுப்பியது. இது மறைவாக அல்ல, பகிரங்கமாக. முதலில் போனவர் டிஸ்ஸி கில்லஸ்பி. 1958இல் டேவ் புரூபெக் நம் தேசத்துக்கும் இலங்கைக்கும் கூட வந்தார். கறுப்பரை அமெரிக்கா கொடுமைப்படுத்துகிறது என்று ருஷ்யர்கள் சொல்கிறார்களே, இதோ பாருங்கள் எங்கள் கறுப்பு மேதைகளை என்று காட்டுவது நோக்கம்.

1957 செப்டம்பரில் லூயி ஆர்ம்ஸ்டிராங்கை ருஷ்யாவுக்கு அனுப்ப ஏற்பாடு நடந்தது. அதே மாதம் ஆர்கன்ஸாஸ் மாகாணத்தில் லிட்டில் ராக் என்ற ஊரில், வெள்ளைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் சேரப் போன ஒன்பது கறுப்புப் பிள்ளைகளை கவர்னர் பட்டாளத்தை நிறுத்தித் தடுத்தார். ஜனாதிபதி ஐஸனோவர் முதலில் தயங்கிக்கொண்டிருந்தார். ஆர்ம்ஸ்டிராங் எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கிறவர். வெள்ளைக்காரனுக்காகப் பல்லைக் காட்டுகிறார் என்று இளைஞர்கள் அவரை ஏளனம் செய்வதுண்டு. அந்த மனிதர் ஒரு சிற்றூரில் பேட்டி காண வந்த இளம் நிருபரிடம், தென்பகுதியில் என் ஜனங்களை இப்படி நடத்துகிற சர்க்காருக்காக நான் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஜனாதிபதிக்குத் துணிவில்லை என்றும் சொன்னார். கூட இருந்தவர்கள் வாபஸ் வாங்கச் சொன்னார்கள், மறுத்தார். சில நாள் கழித்து ஐஸனோவர் பட்டாளத்தை அனுப்பி அந்தப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்புக் கொடுத்ததும் ஆர்ம்ஸ்டிராங்கே அவரைப் பாராட்டித் தந்தி அடித்தார். கண்டிக்க வேண்டியபோது கண்டித்து, பாராட்ட வேண்டியபோது பாராட்டுவது எவ்வளவு அபூர்வம்!

இதே காலத்தில் இன்னொரு கறுப்புப் பாடகர் வெளிநாடு போக முடியாமல் உட்கார்ந்திருந்தார். பால் ரோப்ஸன். ருஷ்யாவைப் புகழ்ந்தார் என்பதற்காக 1950இல் அவர் பாஸ்போர்ட்டை ரத்து செய்தார்கள். எட்டு வருஷம். 1957 மே மாதம் லண்டன் ரசிகர்கள் ஒரு மண்டபத்தில் கூடினார்கள். ரோப்ஸன் நியூயார்க்கில் இருந்தபடியே, அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடியில் புதிதாகப் போட்டிருந்த டெலிபோன் கம்பி வழியாக அவர்களுக்குப் பாடினார். உடம்புக்குத்தான் பாஸ்போர்ட் வேண்டும், குரலுக்கு வேண்டாம் என்று தெரிந்தது. 1958 ஏப்ரலில் அவருடைய அறுபதாவது பிறந்தநாளை நம் தேசத்தில் கொண்டாடினார்கள். நேரு வாழ்த்துச் செய்தி கொடுத்தார். அமெரிக்க அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. விழா நடந்தது. அந்த வருஷமே அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பினால் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது.

ஒரு கையால் ஆர்ம்ஸ்டிராங்குக்கு டிக்கெட், மறு கையால் ரோப்ஸனுக்குத் தடை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் காலத்து அமெரிக்கக் கலாசார ஏற்றுமதியின் முழு வடிவம் தெரியும். யாரை அனுப்பினார்கள் என்று மட்டும் பார்க்கிறவர் பாதியைத்தான் பார்க்கிறார்.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார் என்று எனக்குத் தெரியும். பால்ட்வின் நன்றாகத்தானே எழுதினார், ஆர்ம்ஸ்டிராங் வாய் திறந்துதானே பேசினார், ஒருவர் குரலும் கெடவில்லையே, பிறகு ஒற்றர் காசானால் என்ன குடி முழுகிப் போயிற்று என்பார்.

நல்ல கேள்வி. பதில் அச்சானவற்றில் இல்லை, அச்சாகாதவற்றில் இருக்கிறது. 1958இல் டுவைட் மக்டானல்டு என்ற அமெரிக்க விமர்சகர் தன் தேசத்தின் நாகரிகத்தைக் கடுமையாகத் தாக்கி ஒரு கட்டுரை எழுதினார். அவர் 'என்கவுண்ட'ரிலேயே வேலை பார்த்தவர்தான். முதலில் ஏற்றுக்கொண்டவர்கள் பிறகு வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். கட்டுரை வேறு பத்திரிகையில் வந்தது. மக்டானல்டுக்கு வேறு இடம் கிடைத்தது. பெயர் இல்லாத இளைஞன் ஒருவன் எழுதியிருந்தால்? ஆசிரியருக்கு எது சங்கடம் என்று முன்கூட்டியே ஊகித்து, எழுதும்போதே தன் வாக்கியத்தை அடித்துவிடுகிறவன் எத்தனை பேரோ! அந்த அடித்தல்களுக்குக் கணக்கில்லை. ஒற்றர் காசு செய்த பெரிய தீங்கு அதுதான்.

இன்னொரு தீங்கு வாசகனுக்கு நேர்ந்தது. கம்பன் சடையப்ப வள்ளலின் ஆதரவில் எழுதினான். வள்ளலின் பெயரைக் காவியத்திலேயே வைத்தான். ஔவை அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போனாள். யாருடைய தூது என்பது தொண்டைமானுக்கும் தெரியும், புறநானூறு படிக்கிற நமக்கும் தெரியும். தெரிந்தே அவர்களைப் படிக்கிறோம். தள்ள வேண்டியதைத் தள்ளிக் கொள்ள வேண்டியதைக் கொள்கிறோம். புரவலன் இருப்பது குற்றம் அல்ல. அவன் பெயரை மறைப்பது குற்றம். வாசகன் எடை போட்டுப் பார்க்க வேண்டிய தராசிலிருந்து ஒரு கல்லைத் திருடுவது அது. 'குவெஸ்ட்' பத்திரிகையில் நம்மவர்கள் எத்தனையோ பேர் மனப்பூர்வமாக எழுதினார்கள். உண்மை வெளியானபோது, ஒரு தப்பும் செய்யாத அவர்கள் எழுத்தின் மீதும் சந்தேகத்தின் நிழல் விழுந்தது. மறைத்தவன் தப்பினான், எழுதியவன் தலை குனிந்தான்.

இன்னொரு நண்பர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருவார். ஆகவே அமெரிக்காவிலிருந்து வந்ததெல்லாம் விஷம் என்பார். அவரும் அவசரப்படுகிறார். யாரும் டிக்கெட் வாங்கி அனுப்பாமல் அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய ஒன்று உண்டு. அமெரிக்க ஜனங்கள் தங்கள் சர்க்காரோடும் தங்கள் சமூகத்தோடும் போட்ட சண்டைதான் அது.

1955 டிசம்பரில் மாண்ட்கோமரி நகரத்துக் கறுப்பர்கள் பஸ்ஸில் ஏற மறுத்தார்கள். ஒரு வருஷத்துக்கும் மேலாக நடந்தே வேலைக்குப் போனார்கள். 1963இல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துப் பஸ் கம்பெனி கறுப்பருக்கும் ஆசியருக்கும் நடத்துனர் உத்தியோகம் தர மறுத்தபோது, அங்குள்ளவர்கள் மாண்ட்கோமரியை நினைத்து அதே ஆயுதத்தை எடுத்தார்கள். நான்கு மாதத்தில் ஜெயித்தார்கள். அதன் பலனாக அங்கே முதலில் நடத்துனராக ஏறியவர் நம் தேசத்துச் சீக்கியர் ஒருவர். 1965இல் ஆஸ்திரேலியாவில் சார்லஸ் பெர்கின்ஸும் ஸிட்னி மாணவர்களும் ஒரு பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், பூர்வ குடிகளை நீச்சல் குளத்தில்கூட அனுமதிக்காத வழக்கத்தை எதிர்த்தார்கள்; 1961இல் அமெரிக்க இளைஞர்கள் செய்த பஸ் பயணம் அவர்களுக்கு முன்மாதிரி. 1968இல் வட அயர்லாந்துக் கத்தோலிக்கர்கள் உரிமை கேட்டு ஊர்வலம் போனபோது கறுப்பு அமெரிக்கரின் பாட்டைப் பாடிக்கொண்டு போனார்கள். 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசால், ஜே. வி. பவார், ராஜா தாலே போன்ற மராத்தி எழுத்தாளர்கள் தலித் பாந்தர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். 1966இல் ஓக்லாந்தில் தோன்றிய கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தசாலின் கவிதைகளால் மராத்தி இலக்கியத்தின் பாஷையே மாறிப்போயிற்று.

இது ஒருவழிப் போக்கும் அல்ல. மார்ட்டின் லூதர் கிங் 1959 பிப்ரவரியில் நம் தேசத்துக்கு வந்தார். குவேக்கர்களின் தொண்டு ஸ்தாபனமும் காந்தி ஸ்மாரக நிதியும் எல்லாருக்கும் தெரிய ஏற்பாடு செய்த யாத்திரை அது. சென்னைக்கு வந்தார், கன்னியாகுமரியில் சூரியன் மறைவதைப் பார்த்தார். கேரளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் படித்த இடத்தில், தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இன்னொரு தீண்டாதார் என்று அறிமுகப்படுத்தியதாக அவரே 1965இல் ஒரு பிரசங்கத்தில் சொன்னார். முதலில் சுருக்கென்றது, பிறகு யோசித்தேன், ஆமாம் நானும் என் ஜனங்களும் தீண்டாதார்தான் என்று புரிந்தது என்கிறார். நம்மிடம் பாடம் கேட்க வந்த மனிதருக்கு நம் வெட்கமே பாடமாகக் கிடைத்தது. அதை அவர் தன் தேசத்துக்குக் கொண்டுபோய் அங்கே பயன்படுத்தினார். இந்த மாதிரிப் பரிமாற்றத்தை எந்த இலாகாவும் திட்டம் போட்டு நடத்த முடியாது.

ஆகவே அமெரிக்கச் செல்வாக்கு என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சர்க்கார் விளம்பரத்துக்காக அனுப்பியது ஒன்று. மூடி மறைக்க விரும்பியும் வெளியே வந்தது இன்னொன்று. உலகம் இரண்டாவதை எடுத்துப் பிழைத்தது. லிட்டில் ராக் புகைப்படங்களை வெளியுலகம் பார்த்ததே அமெரிக்க சர்க்காருக்குப் பெரிய தலைவலி. அந்தத் தலைவலியும் சேர்ந்துதான் அவர்களைக் கறுப்பர் பக்கம் கொஞ்சம் நகர்த்தியது.

இவ்வளவும் பழைய கதை, இப்போது எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். பழைய கதை அல்ல. எழுத்தாளர்களுக்கு இன்று விழாக்கள் உண்டு; விமான டிக்கெட் உண்டு; மூன்று மாதம் தங்கி எழுத மலைப்பிரதேச மாளிகை உண்டு; பரிசுகள் உண்டு. அப்படி ஒரு டிக்கெட்டில் நானும் போயிருக்கிறேன், இனியும் அழைத்தால் போவேன். தன் காசில் தூர தேசம் போகக்கூடிய தமிழ் எழுத்தாளன் அநேகமாக இல்லை. போகாமல் இருப்பதுதான் யோக்கியம் என்று உபதேசம் செய்ய நான் தயாராக இல்லை. அது வசதியுள்ளவன் பேசுகிற யோக்கியம். ஆனால் யார் அழைத்தார்கள், பணம் எங்கிருந்து என்பதை என் கட்டுரையின் முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். அழைத்தவர்களுக்கு அது பிடிக்காவிட்டால் அடுத்த முறை அழைக்காமல் இருக்கட்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். எங்களைப் படிக்கும்போது, இவனுக்கு யார் படியளக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அத்தோடு நின்றுவிடாதீர்கள். படியளந்தவனுக்குச் சங்கடம் தரக்கூடிய ஒரு வரியாவது இவன் எழுத்தில் இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். பால்ட்வினிடம் அது பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. ரைட்டிடம் அந்த நீலச் சுடர் எரிகிற ஒரு பக்கத்தில் இருக்கிறது. அந்த ஒரு பக்கத்துக்காக நான் புத்தகம் முழுவதையும் மறுபடி படிப்பேன்.